இடுப்பில் கைவைத்து நிற்பவள்

பேருந்து நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் பயணச்சீட்டு கொடுக்கிறேன். எனக்கோ பேருந்தில் ஏறினாலே வாந்தி வரும். சொன்னால் யார் நம்புகிறார்கள்? என் வீட்டுக்காரர் இதையே ஒரு ஜோக்காக வைத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதனால் அக்கா இருக்கும் மலை ஊருக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் போவேன். அதுவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருபத்தேழு வளைவுகளையும் ஒன்று விடாமல் திட்டிக்கொண்டு.

இந்தத் தடவை நடு வருடத்தில் அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது.

"சனிக்கிழமை வந்துடு. ஒரு தகடு கழட்டணும், புடிச்சுக்க ஆள் வேணும்."

"ஏன், உங்க ஊர்ல ஒரு தகடு புடிக்க ஆள் இல்லையா?"

"புடிக்க ஆள் இருக்கு. வாயை மூடிட்டுப் புடிக்க ஆள் இல்ல."

"அதுக்கு என்னையா கூப்பிடுற?"

"வேற வழி?" என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் எப்போதும் அப்படித்தான். பேச்சிலும் தகடு அடிக்கிறவள் மாதிரி எழுத்தெண்ணித்தான் பேசுவாள்.

அக்காவின் ஊர் ஒரே ஒரு தெரு. அது மலையைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சிலை. முதல் திருப்பத்தில் கடிதப் பையோடு வெண்கலத் தபால்காரர், அடுத்ததில் பழைய சைக்கிள் சங்கிலிகளைப் பற்றவைத்துச் செய்த குதிரை, அதற்கடுத்து இன்னொன்று. சிலைகளுக்கு நடுவில் கடைகள். சோப்புக் கடை, மெழுகுவர்த்திக் கடை, கம்பளிக் கடை, பூப்போட்ட கோப்பைகளை மட்டுமே விற்கும் கடை. வெளியூர்க்காரர்கள் சிலையோடு படம் எடுத்துக்கொள்வார்கள், கடையில் நுழைவார்கள், தேவையே இல்லாத எதையோ வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். நானும் போன வருடம் ஆந்தை வடிவத்தில் ஒரு சோப்பு வாங்கினேன். அதன் முகத்தைப் பார்த்தால் தேய்க்க மனசு வரவில்லை, அப்படியே இருக்கிறது.

அந்தச் சிலைகளுக்குக் கீழே இருக்கும் பித்தளைத் தகடுகள் அத்தனையும் அக்கா கையால் செதுக்கியவை. ஊரில் அவளுக்குப் பெயரே தகடக்கா. பேருந்து நிற்கும் இடத்திலேயே அவள் கடை. முன்னறையில் கண்ணாடிப் பெட்டி, சாவி அறுக்கும் இயந்திரம், பரிசுக் கோப்பைகள், வீட்டு வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைகள். பின்னறையில் கட்டில், அடுப்பு, துணிக்கொடி. நடுவில் ஒரு கதவு. அதை அவள் சாத்தி நான் பார்த்ததில்லை.

பித்தளையில் பென்சிலால் கோடு போட்டு, எழுத்தை வரைந்து, சின்ன உளியால் வெட்டி, வெட்டின பள்ளத்தில் கறுப்பு மை நிரப்பி, மேலே துடைத்துவிடுவாள். எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும். பித்தளையில் அழிக்க முடியாது. அதனால் வெட்டுவதற்கு முன்னால் மூன்று தடவை வாய்விட்டுப் படிப்பாள். முப்பது வருடத்தில் ஒரு கால் கூட விட்டதில்லை, ஒரு புள்ளி கூட மறந்ததில்லை என்பது அவளுடைய பெருமை. பெருமை என்றால் சாதாரணப் பெருமையா! பரிசுக் கோப்பையில் பொறிக்க யாராவது "வெற்றிகோப்பை" என்று எழுதிக்கொண்டு வந்தால், "நடுவுல க் எங்க? வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவாள். நான் எழுதின கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒரு தடவை அதில் அத்தானுக்கு உடம்பு எப்படி என்று கேட்டிருந்தேன். பதிலும் வந்தது, திருத்தமும் வந்தது.

பேச்சிலும் விடமாட்டாள். நகரசபை எழுத்தருக்கு நாக்கில் ழ வராது. எல்லாம் ல தான். "மலையில ஒரே மலைங்க" என்பார். மலையில் மழை பெய்கிறது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். சிலைகளின் பெயரை அவர்தான் ஃபோனில் சொல்வார். அக்கா இந்தப் பக்கம் அவருடைய ல எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் ழ ஆக்கி எழுதிக்கொள்வாள். "அவர் வாய் எனக்குப் பழக்கம்" என்பாள்.

சனிக்கிழமை மத்தியானம் நான் முகமெல்லாம் வெளுத்துப் போய் இறங்கினேன். காபியைக் குடித்து உயிர் திரும்பினதும், "எந்தத் தகடு?" என்று கேட்டேன்.

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து துணியில் சுற்றின ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. அதில் ஒரே சொல்: வழி.

"இதுல என்ன தப்பு?"

"இதுல ஒண்ணும் இல்ல. மேல மாட்டியிருக்கறதுலதான் தப்பு."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மூணாவது திருப்பத்துல நிக்கிறா பாரு, இடுப்புல கை வச்சுக்கிட்டு..." என்றாள்.

அட கடவுளே.

அந்தச் சிலை எனக்கு நன்றாகத் தெரியும். நடுவயதுப் பெண். ஒரு கை இடுப்பில், ஒரு கை நெற்றியில். கீழே தகட்டில் "வலி" என்று இருக்கும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பாவம், இடுப்பு வலி, போதாததற்குத் தலைவலியும் என்றுதான் நினைப்பார்கள். ஊரே அப்படித்தான் நினைத்தது. அவளுக்கு வலியக்கா என்று பெயர் வைத்தார்கள். மலை ஏறி வருகிற பெண்கள் மூச்சு வாங்கி அவள் பக்கத்தில் நிற்பார்கள், அவள் இடுப்பைத் தடவிவிட்டுத் தங்கள் இடுப்பையும் தடவிக்கொள்வார்கள். ஆறு வருடம் தடவித் தடவி அந்த இடத்தில் மட்டும் வெண்கலம் தங்கமாக மின்னுகிறது. எதிரில் தைலக்கடைக்காரர் "வலியக்காவுக்கு எதிரில்" என்று பலகையே மாட்டிவிட்டார். நானும் தடவியிருக்கிறேன். கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் இடுப்பு போய்விட்டது.

"அப்போ அவ தலைவலியில நெத்தியில கை வைக்கலையா?"

"வெயிலுக்குக் கையால கண்ணை மறைச்சு ரோட்டைப் பாக்கறா. யாருக்கோ வழி பாத்துட்டு நிக்கறா."

சிரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். நாற்பது வருடமாக என் ஒற்றுப்பிழைகளைத் தின்று வளர்ந்தவள், ஊர் நடுவில், பித்தளையில், ஆறு வருடமாக ஒரு எழுத்துப்பிழையை மாட்டி வைத்திருக்கிறாள்! "சிவப்பு மை எங்கக்கா வச்சிருக்க? குடு இப்படி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அழைப்பிதழில் "வழி" என்று சரியாகத்தான் அச்சடித்திருந்தார்கள். திறப்பு அன்றைக்கு ஊர் இரண்டையும் பார்த்தது. அழைப்பிதழில் அச்சுப்பிழை, தகடக்கா கை தப்புப் போடாது என்று எல்லாருமே முடிவு கட்டிவிட்டார்கள். எழுத்தரும் அப்படியே நினைத்துக்கொண்டார். அவர் வாய்க்கு இரண்டும் ஒன்றுதானே. சிலையைச் செய்த சிற்பி அம்மா அப்போது நோயில் படுத்திருந்ததால் வரவில்லை, லாரியில் அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாதான் நாளைக் காலை பதினோரு மணிக்கு முதல் தடவையாக வருகிறார்கள். அதற்கு முன்னால் தகட்டை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊர் முன்னால் அக்காவின் முப்பது வருடப் பெயர் ஒரே நிமிடத்தில் போய்விடும்.

"திறந்த மறுவாரமே இதை அடிச்சு வச்சுட்டேன்" என்றாள், புதுத் தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டே.

"அப்போ ஆறு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்த?"

அவள் எழுந்து போய்த் திருப்புளியைத் தேட ஆரம்பித்தாள்.

ஞாயிறு காலை வெளுத்ததும் போனோம். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மூன்றாவது திருப்பத்தில் பனி இறங்கி, வலியக்கா தோள் நனைந்து நின்றாள். அக்கா பீடத்தின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, நாலு திருகாணியிலும் இரண்டிரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். முதல் திருகாணி சுலபமாக வந்தது. இரண்டாவது கிறீச்சென்றது, வந்தது. நான் தகட்டைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் திருப்புளியை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா? இறுகிடுச்சா?"

"இல்ல."

"பின்ன திருப்பேன். எனக்குக் கால் மரத்துப் போகுது."

"உங்க அத்தான் இதைப் படிச்சாருடி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அத்தான் போய் ஆறு வருடம். அந்தச் சிலை வந்தும் ஆறு வருடம். இரண்டையும் நான் ஒரு நாளும் சேர்த்து யோசித்ததில்லை.

தகட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அத்தானுக்கு முதுகெலும்பில் நோய். மூன்று மாதம் பின்னறைக் கட்டிலில் கிடந்தார். அழமாட்டார், கத்தமாட்டார். என்ன வேணும் என்று கேட்டால், "வலி" என்பார். மணி கேட்டால் மணி சொல்கிற மாதிரி, அவ்வளவுதான். அன்றைக்கும் அப்படி அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் முன்னறையில் ஃபோன் அடித்திருக்கிறது. எழுத்தர், "புதுச் சிலைக்குப் பேரு வலிங்க, ஒரே வார்த்தைதான்" என்றிருக்கிறார். இருபது வருடமாக அவர் நாக்கை மாற்றி எழுதினவள் அன்றைக்கு மாற்றவில்லை. அந்த வீட்டில் அப்போது வேறு சொல் எது இருந்தது?

"அவரை விட்டுட்டு முன்னால வர முடியல. முக்காலியை இழுத்துப் போட்டு கட்டில் பக்கத்துல உக்காந்துதான் வெட்டினேன். மை போட்டுத் துடைச்சதும் திரும்பிப் பாத்தாரு. படிச்சாரு. படிச்சிட்டு, 'ஏன்டி, எனக்கும் பேர்ப்பலகை அடிச்சிட்டியா? எங்க மாட்டப் போற, நெத்தியிலயா?'ன்னு கேட்டாரு. சிரிச்சாருடி. மூணு மாசத்துல அன்னிக்குத்தான் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். ரெண்டு பேரும் அந்தத் தகடை வச்சுக்கிட்டு பைத்தியம் மாதிரி சிரிச்சோம். அடுத்த வாரம் போயிட்டாரு."

திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"மாத்தணும்னு எத்தனை தடவை வந்திருக்கேன் தெரியுமா? வந்தா எவளாவது இவ இடுப்பைத் தடவிட்டு நிப்பா. திரும்பிப் போயிடுவேன். யாரும் இல்லாதப்பவும் திரும்பித்தான் போயிருக்கேன்."

நான் வாயை மூடிக்கொண்டு தகடு பிடிக்கத்தான் வந்தேன். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அழுகையை அடக்க முடியவில்லை. பிடித்த பிடியிலேயே தகட்டின் மேல் சொட்டுச் சொட்டாக அழுதேன். அக்கா தன் புடவைத் தலைப்பால் தகட்டைத் துடைத்தாள், என் முகத்தைத் துடைக்கவில்லை. பிறகு கழற்றின இரண்டு திருகாணியையும் திரும்ப மாட்டிவிட்டு எழுந்தாள்.

"லூசா நீ? பதினோரு மணிக்கு அந்தம்மா வந்து நிப்பாங்க! ஊரு முன்னால என்ன சொல்லுவ?"

"தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்ல?"

பதினோரு மணிக்கு மூன்றாவது திருப்பத்தில் பாதி ஊர் கூடிவிட்டது. எழுத்தர் சட்டையை மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு, "கொஞ்சம் வலி விடுங்க, வலி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார். கார் வந்தது. எழுபது வயதிருக்கும், குள்ளமான அம்மா. இருபத்தேழு வளைவில் குலுங்கி வந்தவர்கள் மெதுவாக இறங்கினார்கள். இறங்கினதும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயிலில் கண் கூச, இன்னொரு கையை நெற்றியில் வைத்துச் சிலையைப் பார்த்தார்கள்.

கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. அச்சு அசல் வலியக்கா! தைலக்கடைக்காரர் ஓடி வந்து, "அம்மா, ஒரு பாட்டில் என் அன்பளிப்பு" என்று கையில் திணித்தார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே பீடத்தருகில் போய்க் குனிந்தார்கள். படித்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது யார் எழுதினது?"

"நாந்தாம்மா" என்று அக்கா முன்னால் வந்தாள். "வழின்னு வெட்ட வேண்டியது. கவனம் தப்பிடுச்சு. சரியான தகடு கையோட கொண்டு வந்திருக்கேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. தகடக்காவா? தகடக்காவா தப்புப் போட்டது? "அப்போ இன்விடேஷன் கார்டுதான் சரியா?" என்று எழுத்தர் வாயைப் பிளந்தார். சோப்புக்கடைப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா காது மடலெல்லாம் சிவந்து, தலையை மட்டும் குனியாமல் நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. வாயை மூடுகிற வேலை காலையோடு முடிந்துவிட்டது என்று நானே தீர்மானித்து, கட்டில், முக்காலி, பேர்ப்பலகை, சிரிப்பு என்று மூச்சுவிடாமல் கொட்டிவிட்டேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். கிள்ளட்டும் என்று முழுதும் சொல்லித்தான் நிறுத்தினேன்.

இப்போது அந்த அம்மா பெரிய மனசு பண்ணி, "அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

சிலையின் தேய்ந்து மின்னுகிற இடுப்பில் கையை வைத்தார்கள். பிறகு அக்காவிடம் மட்டும் பேசினார்கள்.

"இது எங்கம்மா. என் தம்பி ஒருத்தன் வேலைக்குன்னு கிளம்பிப் போனான், திரும்பி வரல. பதினாலு வருஷம் தினமும் சாயங்காலம் இப்படித்தான் ரோட்டைப் பாத்துட்டு நின்னா. இடுப்புல கை வச்சு நிக்கறது அவ பழக்கம். வலின்னு அவ ஒரு நாளும் சொன்னதில்லம்மா. வந்துடுவான்னுதான் சொன்னா. அதான் அவளுக்கு வழின்னு நான் பேர் வச்சேன்."

"புரியுதும்மா" என்றாள் அக்கா.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்."

"இருக்கும். ஆனா இவங்க பேரு இவங்களுக்கு வேணும்ல?"

அக்கா மண்டி போட்டாள். இந்தத் தடவை நிற்கவில்லை. நாலு திருகாணியும் மளமளவென்று வந்தன. தகட்டைப் பிடிக்க நான் குனிவதற்குள் அந்த அம்மா கையை நீட்டிவிட்டார்கள். மறுபடி குனிய முடியாமல் தன் அம்மா சிலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பழைய தகட்டை வாங்கிக்கொண்டார்கள். அக்கா புதுத் தகட்டை வைத்து முடுக்கினாள். தைலக்கடைக்காரர் தன் பலகையை ஏறிட்டுப் பார்த்து, "என் பொழப்புல மண்ணு" என்றார் மெதுவாக.

அந்த அம்மா இரண்டு தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பழையதை விரலால் தடவினார்கள்.

"இதுல உளி ஆழமாப் போயிருக்கு. புதுசுல அவ்வளவு ஆழம் இல்ல."

"ஆமாம்மா. புதுசு சும்மா வேலையா வெட்டினது."

"பரவால்ல. எழுத்து சரியா இருக்கு" என்று சொல்லி, பழைய தகட்டைத் தன் முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். ஊர் முன்னால் அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தான் போனபோதுகூட வந்தவர்களுக்கெல்லாம் காபி கலந்து கொடுத்துக்கொண்டு சுற்றினவள்.

அன்று சாயங்காலம் கடைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெயர் கெட்டுப்போய் இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று நான் பயந்தது வீண். சோப்புக்கடைப் பெண் ஒரு காகிதத்தை நீட்டி, "மூணு வருஷமா கடைக்குப் பேர்ப்பலகை அடிக்கணும்னு ஆசைக்கா. தப்பா எழுதிட்டு வந்தா திட்டுவீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். அக்கா வாங்கிப் படித்தாள். இரண்டு தப்பு இருந்தது. பென்சிலால் திருத்திவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றாள். நான் என் காதையே நம்பவில்லை.

பழைய தகட்டைக் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் அவளே திருகாணி போட்டு முடுக்கினாள். "இங்கயா? தினமும் வலியைப் பாத்துட்டா எழுந்திருப்ப?" என்று கேட்டேன்.

"நெத்தியிலயான்னு கேட்டாருல்ல. நெத்திக்கு இதுதான் பக்கம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை கடை வாசலில் நான் திரும்பிப் போகும் பேருந்துக்குக் காத்திருந்தேன், வயிற்றை இப்போதே பிடித்துக்கொண்டு. அக்கா உள்ளே சாவி அறுத்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து வந்த பேருந்திலிருந்து ஒரு வெளியூர்ப் பெண் இறங்கினாள். அவள் அம்மா பின்னாலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரும் நேராகக் கடைக்கு வந்தார்கள்.

"ஏங்க, இங்க வலி சிலைன்னு ஒண்ணு இருக்காமே, எந்தப் பக்கங்க?"

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அந்தப் பெண் வாயில் வந்தது லவா ழவா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பிழை என்றால் கடவுளையே நிறுத்தித் திருத்துகிறவள் இப்போது என்ன செய்யப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"நேரா மேல போங்க" என்றாள். "மூணாவது திருப்பம். அங்கதான் நிக்கறா."